பட்டியலில் இல்லாத பாவங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால மறையுரை. தவக்காலம் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை. நற்செய்தி: லூக்கா 16:19-31)



இன்றைய நற்செய்தியில் ஒரு செல்வரைச் சந்திக்கிறோம். விலையுயர்ந்த ஆடை உடுத்துகிறார். நாள்தோறும் அவர் வீட்டில் விருந்து. அவர் வீட்டு வாயில் அருகே உடம்பெல்லாம் புண்ணோடு இலாசர் என்ற ஏழை கிடக்கிறார். இருவரும் இறக்கிறார்கள். இலாசர் ஆபிரகாமின் மடியில் இளைப்பாறுகிறார். செல்வர் பாதாளத்தில் வேதனைப்படுகிறார்.

இப்போது ஒரு கேள்வி. இந்தச் செல்வர் செய்த பாவம் என்ன? இன்று வீட்டில் விவிலியத்தை எடுத்து இந்தப் பகுதியை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அவர் இலாசரை அடித்ததாக எழுதப்படவில்லை. விரட்டியதாக எழுதப்படவில்லை. திருடினார், பொய்ச்சான்று சொன்னார், விபசாரம் செய்தார் என்று ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அவரைக் கேட்டிருந்தால், "நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லையே" என்று சொல்லியிருப்பார். அதை உண்மையாகவே நம்பியும் இருப்பார். தினமும் அந்த வாயில் வழியாகத்தான் போனார், வந்தார். இலாசர் அவர் கண்ணில் பட்டார், மனத்தில் படவில்லை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பாதாளத்தில் தாகத்தால் தவிக்கும்போது அவர் ஆபிரகாமிடம் என்ன கேட்கிறார்? இலாசரை அனுப்பி என் நாவைக் குளிரச் செய்யும் என்கிறார். அது முடியாது என்றதும், அப்படியானால் இலாசரை என் சகோதரர்கள் வீட்டுக்கு அனுப்பும் என்கிறார். ஆக, இலாசரின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுமட்டுமல்ல, இறந்த பிறகும், ஆபிரகாமின் மடியில் இருக்கும்போதும், இலாசர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆள், சொன்ன இடத்துக்குப் போய்வரும் ஆள். நெருப்பில் கிடந்தும் அந்தப் பார்வை மாறவில்லை. தன்னிடம் அப்படி ஒரு பார்வை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள் நம் பெரியவர்கள். இந்தத் தவக்காலத்தில் நம் முதுகைக் கொஞ்சம் பார்ப்போம்.

பாஸ்கா விழாவுக்கு முன் நாம் எல்லோரும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போவோம். அங்கே என்ன சொல்வோம்? பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பெற்றோருக்குக் கீழ்ப்படியவில்லை, ஞாயிறு பூசைக்கு வரவில்லை, செபிக்க மறந்தேன். இந்தப் பட்டியலை எப்போது கற்றுக்கொண்டோம்? புதுநன்மை வாங்குவதற்கு முன், மறைக்கல்வி வகுப்பில், எட்டு ஒன்பது வயதில். அந்த வயதுக்கு அது சரியான பட்டியல். நமக்கு இன்று நாற்பது வயது, ஐம்பது வயது. வீடு கட்டி வாடகைக்கு விடுகிறோம். வேலைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிறோம். பாவம் செய்வதற்கான இடங்கள் நமக்கு எவ்வளவோ கூடிவிட்டன. பட்டியல் மட்டும் அந்த ஒன்பது வயதுப் பட்டியலாகவே இருக்கிறது.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பாவத்தைப் பற்றி நம் ஊரிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை நடந்தவற்றைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். 1745 அக்டோபரில் நம் புதுச்சேரிக் கோவிலில் நடந்த ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். இன்று நாம் சம்பா கோவில் என்று அழைக்கும் பேராலயம் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன் இயேசு சபைக் குருக்கள் நடத்திய கோவிலில் நடந்தது இது.

அந்தக் கோவிலுக்குள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் உயர்ந்த சாதியார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். மறு பக்கம், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவில் சுவர். ஒதுக்கப்பட்ட மக்கள் ஒருநாள் பெரிய குருவிடம் வந்து நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். குருவுக்கு அது நியாயமாகப் பட்டது. சுவரை இடிக்கச் செய்தார். மற்றவர்களுக்கு அது பொறுக்கவில்லை. பெரிய சச்சரவு எழுந்தது.

அந்தச் சுவர் அத்தனை ஆண்டுகள் நின்றதே, அதன் அருகில் முழந்தாளிட்டுச் செபித்தவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? இல்லை. செபமாலை சொன்னவர்கள், நோன்பு இருந்தவர்கள், கோவிலுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள். ஆனால் அந்தச் சுவரைத் தங்கள் பாவமாக நினைத்துக் குருவிடம் சொன்னவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களுக்கு அது பாவமாகவே தோன்றியிருக்காது. அது வழக்கம். அது மரியாதை. கோவில் தூணைப் போல அதுவும் கோவிலில் ஒரு பகுதி. அதை உற்றுப் பார்த்து நமக்காக எழுதி வைத்தவரோ கிறிஸ்தவரே அல்ல. வெளியே நின்றவர் கண்ணுக்கு அது எழுதிவைக்க வேண்டிய செய்தியாகத் தெரிந்தது.

அந்த நாட்குறிப்பில் இதோடு சேர்ந்தே இன்னொன்றும் இருக்கிறது. அதே நாட்களில் ஒரு பெண் மெல்லிய மஸ்லின் சேலை உடுத்தி, வாசனைத் திரவியம் பூசிக் கோவிலுக்கு வந்தார். குரு அந்தப் பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் கடுமையாக ஏசி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இதையும் நாம் மறைக்க வேண்டாம். ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பார்க்க முடிந்த இடத்தில், ஒரு பெண்ணைச் சபையில் வைத்து அவமானப்படுத்துவது தவறாகத் தெரியவில்லை. ஒரு பாவத்தை நன்றாகப் பார்க்கிற கண்ணும் இன்னொரு பாவத்தைப் பார்க்காமல் போகலாம். குருக்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியுமா? நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் திருக்குடும்ப ஆலயம் 1872-இல் இரண்டு பிரிவுகளாகக் கட்டப்பட்டது. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போல இருக்கும். இரண்டு சாதிப் பிரிவினர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்க அந்த ஏற்பாடு. 1910-இல் அங்கிருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. உடனே வழக்கு. தடுப்பைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று கிறிஸ்தவர்களே நீதிமன்றம் போனார்கள். 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. தடுப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் விசுவாசிகள். வேண்டாம் என்று தீர்ப்பளித்தது அரசு நீதிமன்றம்.

இன்னும் அருகில் வருவோம். நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச் 9 அன்று, இறந்தவர்களின் உடலை எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது, எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றெல்லாம் நெடுநாள் புகைந்துகொண்டிருந்த பிரச்சினை கலவரமாக வெடித்தது. காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். இரு பக்கமும் நம் மக்கள். இரு பக்கத்து வீடுகளிலும் மாதா படம். அன்று என்ன நாள் தெரியுமா? தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள்ளேயே இந்தப் பாகுபாடு இருக்கிறது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆயர்கள் தங்கள் வீட்டுக் குறையைத் தாங்களே அறிக்கையிட்டார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நேயர்களே, இதுவரை கேட்டபோது உங்கள் மனத்தில் ஒரு கோபம் வந்திருக்கலாம். 'இப்படியும் கிறிஸ்தவர்கள் இருந்தார்களா, அந்த ஊரார் இப்படியா செய்தார்கள்' என்று நினைத்திருக்கலாம். தாவீது அரசருக்கும் இப்படித்தான் கோபம் வந்தது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிச் சமைத்த கதையை இறைவாக்கினர் நாத்தான் சொன்னதும், அவன் சாக வேண்டியவன் என்று தாவீது கொதித்தார். அந்த மனிதர் நீரே என்று நாத்தான் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அடுத்தவர் பாவத்தின் மேல் நமக்கு வருகிற கோபம் நாம் நல்லவர்கள் என்பதற்குச் சான்று ஆகாது. ஆகவே நம் வீட்டுக்கு வருவோம்.

முதலில் சமையலறைக்குப் போவோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் காப்பி கொடுக்கிறோம். நல்ல காரியம். எந்த டம்ளரில் கொடுக்கிறோம்? சன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறோமே, அந்த டம்ளரிலா? அவர் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்? நாற்காலி காலியாக இருக்கும்போது தரையிலா? நான்கு நாள் காய்ச்சல் என்று அவர் வராதபோது அந்த நான்கு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டோமா? நமக்கு அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு உண்டு, அவருக்கு இல்லையா?

வாசலுக்கு வருவோம். கதிர்காமத்திலும் தட்டாஞ்சாவடியிலும் சண்முகாபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்குகிறது. கேட்டு வருகிறவரிடம், என்ன வேலை, எத்தனை பேர் என்று கேட்பது நியாயம். "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?" என்று அதற்கு அடுத்து ஒரு கேள்வி வருகிறதே, அது எதற்கு? பதிலைக் கேட்டதும், 'இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்' என்று ஒரு பொய் சொல்கிறோம். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்கிறோம். எந்தப் பொய், யாரிடம், எதற்காக என்பதைச் சொல்வதில்லை. அந்தக் குடும்பம் வெயிலில் அடுத்த பலகையைத் தேடிப் போகிறது. அந்த வீட்டுப் பிள்ளை, "ஏம்மா வீடு இல்லைன்னாங்க?" என்று கேட்கிறது. தாய் என்ன பதில் சொல்வாள்?

திருமணத்துக்கு வருவோம். கோவிலில் ஓலை வாசிக்கிறார்கள். பீடத்தில் ஒரே கிண்ணம், ஒரே அப்பம். மண்டபத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் மெதுவாகக் கேட்கிறோம்: "பொண்ணு வீட்டார் நம்ம ஆளுங்கதானே?" திருமுழுக்குப் பெற்ற ஒருவரைப் பார்த்து 'நம்ம ஆளா' என்று கேட்பதன் பொருளை யோசித்திருக்கிறோமா? நாம் விரும்பிய இடத்தில் வரன் தேடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. குணம், படிப்பு, விசுவாசம், பிள்ளைகளின் விருப்பம் எல்லாம் பொருந்திய பிறகும் 'இந்த ஒன்று' பொருந்தவில்லை என்று இரண்டு இளைஞர்களின் மனத்தை உடைக்கிறோமே, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

தெருவுக்கு வருவோம். குப்பை எடுக்க வருகிறவரின் பெயர் நமக்குத் தெரியுமா? உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் காகிதத்தில் சுற்றாமல் குப்பையில் போடுகிறோம். கை வைத்துப் பிரிப்பது யார்? அவர் கையில் ரத்தம் வரும்போது நாம் வீட்டுக்குள் மாலைச் செபத்தில் இருப்போம். ஒரு பழைய தினத்தாளில் சுற்றி வைக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை ஏன் ஒதுக்குவதில்லை? எடுப்பவரும் நம்மைப் போன்ற ஒரு மனிதர் என்ற நினைவு அந்த நேரத்தில் நமக்கு வருவதில்லை.

கடைசியாக நம் நாவுக்கு வருவோம். கோபம் வந்தால் ஒரு சாதியின் பெயரையே வசைச் சொல்லாகப் பயன்படுத்துகிறோம். பிள்ளைகள் அழுக்காக வந்தால் இன்னொரு சாதிப் பெயர். 'வாயில் வந்துவிட்டது, மனத்தில் ஒன்றும் இல்லை' என்கிறோம். உள்ளத்தின் நிறைவையே வாய் பேசும் என்பது ஆண்டவரின் போதனை. பிள்ளைகள் அதை வீட்டில் கற்றுக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்.

புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். தொழுகைக்கூடத்துக்குப் பொன்மோதிரம் அணிந்த ஒருவரும் அழுக்கு உடை உடுத்திய ஏழை ஒருவரும் வருகிறார்கள். ஒருவருக்கு நல்ல இருக்கை. மற்றவருக்கு, 'அங்கே நில், இல்லையென்றால் என் கால்மணை அருகே உட்கார்.' அப்படிச் செய்தால் நீங்கள் பாவம் செய்கிறீர்கள் என்று அந்த அதிகாரத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். யார் எங்கே உட்காருவது என்பது சின்ன விஷயம் என்று நாம் நினைக்கிறோம். திருத்தூதர் அதைப் பாவம் என்று பெயர் சொல்லி அழைத்தார்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நமக்குத் தெரிவதில்லை? மூன்று காரணங்கள் தோன்றுகின்றன.

முதலாவது, எல்லோரும் செய்கிறார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் தனி டம்ளர் இருந்தால் நம் வீட்டு டம்ளர் உறுத்தாது. எல்லோரும் செய்வதால் ஒரு பாவம் நல்லதாகிவிடாது, பழகிப்போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கிறது. சிறு பாவங்களை லேசாக எண்ண வேண்டாம், துளிகள் சேர்ந்துதான் ஆறு நிரம்புகிறது என்ற கருத்தைப் புனித அகுஸ்தினார் சொல்லியிருக்கிறார். எறையூரில் அந்த ஞாயிறு திடீரென்று வந்துவிடவில்லை. பல ஆண்டுகள், பல வீடுகளில், பல சிறு சொற்கள் சேர்ந்து வந்தது.

மூன்றாவது, புண்பட்டவர் பேசுவதில்லை. வேலை போய்விடுமே என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே அந்த டம்ளரை வாங்கிக் குடிக்கிறார். அவர் சிரிப்பதைப் பார்த்து, 'அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை' என்று நாம் முடிவு செய்கிறோம். இலாசரும் இந்த உவமையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் கடவுள் கேட்டார்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையை நினைத்துப் பாருங்கள். சிந்தனை, சொல், செயல், கடமையில் தவறுதல் என்று நான்கு வழிகளைச் சொல்கிறோம். நான்காவதைச் சொல்லும்போது வேகமாகப் போய்விடுகிறோம். செல்வருடைய பாவம் அந்த நான்காவதில் இருக்கிறது. அதை இறைவனிடம் மட்டும் அல்ல, சுற்றியிருக்கும் சகோதர சகோதரிகளிடமும் அறிக்கையிடுகிறோம். பிறகு மார்பில் தட்டிக்கொள்கிறோம். நம் மார்பில்தான் தட்டுகிறோம், பக்கத்தில் நிற்பவர் மார்பில் அல்ல.

இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். இன்று இரவு ஆன்ம சோதனை செய்யும்போது பழைய பட்டியலை மூடிவைத்துவிட்டு, காலையிலிருந்து நம்மைச் சந்தித்த மனிதர்களை ஒவ்வொருவராக நினைப்போம். பால்காரர், பேருந்து நடத்துநர், வேலைக்கார அக்கா, காவலாளி, மருமகள், வாடகை கேட்டு வந்தவர். இவர்களில் யாரை நான் எனக்குக் கீழாகப் பார்த்தேன் என்று கேட்போம்.

இரண்டாவது, நம் முதுகைப் பார்க்கக்கூடியவர் ஒருவரிடம் கேட்போம். மனைவியிடம், கணவரிடம், வளர்ந்த பிள்ளைகளிடம். "நான் யாரிடமாவது மரியாதை இல்லாமல் நடப்பதைப் பார்த்திருக்கிறாயா?" பதில் வரும்போது வாதாடாமல் கேட்க வேண்டும். இது உண்ணாநோன்பைவிடக் கடினமான நோன்பு. அன்பியக் கூட்டத்திலும் இதைப் பேசலாம், அடுத்த தெரு அன்பியத்தைப் பற்றி அல்ல, நம்மைப் பற்றி.

மூன்றாவது, ஒன்றை மாற்றுவோம். சக்கேயு ஆண்டவரை வீட்டில் ஏற்றுக்கொண்டபோது மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. யாருக்கு எவ்வளவு திருப்பித் தருவேன் என்று கணக்குச் சொன்னார். நாமும் அந்தத் தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு வைப்போம். பிடித்த சம்பளத்தைக் கொடுப்போம். அடுத்த முறை வீடு கேட்டு வருகிறவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவோம். அதற்குப் பிறகு ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய், 'சாமி, இதுவரை சொல்லாத பாவம் ஒன்று இருக்கிறது' என்று தொடங்குவோம். அப்படித் தொடங்குகிறவரை ஆண்டவர் ஒருபோதும் தள்ளிவிட மாட்டார்.

ஒதுக்கி வைக்கப்பட்டு வாழ்ந்து, இந்த மறையுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த உவமையில் ஆண்டவர் செல்வருக்குப் பெயர் கொடுக்கவில்லை. இலாசருக்குத்தான் பெயர் கொடுத்தார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். 1745-இல் குருவிடம் போய் நியாயம் கேட்டவர்கள் கோவிலை எதிர்க்கவில்லை, கோவிலுக்குக் கண் கொடுத்தார்கள். நீங்கள் கேட்கும்போது திருச்சபை தன் முகத்தைப் பார்க்கிறது. கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

செல்வர் கண் திறந்தபோது நேரம் கடந்துவிட்டது. அவருக்கும் இலாசருக்கும் நடுவே கடக்க முடியாத பெரும் பிளவு இருந்தது. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இலாசர் இன்னும் நம் வாசலில்தான் இருக்கிறார். கதவைத் திறந்தால் போதும்.

செபிப்போமாக. ஆண்டவரே, எங்களுக்குத் தெரிந்த பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்கிறோம். எங்களுக்குத் தெரியாமல் எங்களிடம் வேரூன்றிய பாவங்களை எங்களுக்குக் காட்டும். பிறவியிலேயே பார்வையற்றவருக்குக் கண் கொடுத்த நீர் எங்களுக்கும் கண் கொடும். எங்கள் வீட்டிலும் பங்கிலும் ஊரிலும் நாங்கள் எழுப்பிய சுவர்களை எங்கள் கையாலேயே இடிக்க மனபலம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.